இருபத்தேழு மணி நேரத் தூரம்

அந்த டிக்கெட் ஆபீசில் அவனுக்கு மைல்கல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. உலகத்தில் எந்த இரண்டு ஊரைச் சொன்னாலும் சரி, கம்ப்யூட்டர் பக்கம் திரும்பாமலே இத்தனை கிலோமீட்டர், விமானத்தில் இத்தனை மணி இத்தனை நிமிடம் என்று சொல்லிவிடுவான். டிக்கெட் எடுக்க வந்தவர்கள் வம்புக்கென்றே வாயில் நுழையாத ஊராகப் பார்த்துக் கேட்பார்கள். அவனும் அசராமல் சொல்வான். இங்கிருந்து போகும் ஊராக இருந்தால் பக்கத்து கவுண்டர்காரி சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்து, சரிதான் என்று தலையாட்டுவாள். அந்தப் பட்டியலும் அவன் கைப்பட எழுதியதுதான். இங்கிருந்து நாற்பது ஊர்களுக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், நேராகப் போகும் விமானம் உண்டா இல்லையா என்று கட்டம் கட்டி எழுதி வைத்திருந்தான்.

யாராவது, "பத்து மணிக்குக் கிளம்பி ஒரு மணிக்கு இறங்குது, அப்ப மூணு மணி நேரம்தானே?" என்று கேட்டுவிட்டால் மட்டும் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "அந்த ஊர்க் கடிகாரம் வேற, நம்ம கடிகாரம் வேற சார். ரெண்டையும் வெச்சுக் கழிச்சா பொய்தான் வரும்" என்பான். பொய் என்றால் ஐயாவுக்கு அவ்வளவு ஆகாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வயிறு எரிவதற்கு உதவும்.

அந்தப் பட்டியலில் பதினேழாவது வரியில் இருந்தது அவனுடைய அக்காவின் ஊர். ஐயாயிரத்து இருநூறு கிலோமீட்டர். ஆறு மணி ஐம்பது நிமிடம். நேர் விமானம் உண்டு, தினமும் பகல் பன்னிரண்டு மணி. அந்த விமானம் வந்து பதினோரு வருடம் ஆகிறது. அவன் அக்கா வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அவனை ஒன்பது வயதிலிருந்து வளர்த்தது அக்காவும் மாமாவும்தான். அவர்களுக்குக் குழந்தை இல்லை, இவன்தான் எல்லாம். இருபது வருடத்துக்கு முன் அவன் வேலைக்காக முதன்முதலில் இங்கே கிளம்பியபோது நேர் விமானம் கிடையாது. மூன்று விமானம் மாறி, இருபத்தேழு மணி நேரம். அன்றைக்கு முதல் விமானமே ஏழு மணி நேரம் தாமதம். வழியனுப்ப வந்தவர்களை உள்ளே விடவில்லை. மாமா வெளியே வெயிலில் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குப் போங்கள் என்று அக்கா போனில் எவ்வளவோ கெஞ்சியும் கேட்கவில்லை. "பிளைட் இல்லைன்னு சொல்லி வெளிய அனுப்பிட்டானுங்கன்னா, பையன் பெட்டியோட தனியா நிப்பான்" என்றாராம். விமானம் மேலே ஏறின பிறகுதான் அந்த மனிதர் நகர்ந்தார். இதையெல்லாம் பிற்பாடு அக்கா சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.

அந்த மாமாதான் மூன்று வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

செய்தி வந்தபோது மணி எட்டேகால். மைல்கல் அப்போதுதான் ஆபீசைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டிருந்தான். மாமாவின் தம்பி போனில் இருந்தார். அழுது ஓய்ந்த குரல்.

"தம்பி, நீ எவ்வளவு நேரத்துல வந்து சேருவே? நீ வந்த பிறகு எடுக்கலாம்னு உங்க அக்கா சொல்றாங்க. எத்தனை மணி நேரம் ஆகும்னு சொல்லு, அதுக்குத் தகுந்தபடி இங்க ஏற்பாடு பண்றோம்."

அவன் விரல் தானாகத் தட்டியது. திரையில் பதினோரு வரிகள் வந்தன. முதல் வரி, பகல் பன்னிரண்டு மணி, ஆறு ஐம்பது. ஒன்பது இடம் காலி என்று பக்கத்திலேயே காட்டியது. விமான நிலையம் அங்கிருந்து அரை மணி நேரம். பாஸ்போர்ட் வீட்டு அலமாரியில், போகிற வழியில்தான். நினைத்திருந்தால் இரவுச் சாப்பாட்டுக்கு முன் அக்கா பக்கத்தில் போய் நின்றிருக்கலாம்.

ஆனால் அந்த வாரம் ஆபீசை மேற்பார்வை பார்த்துவந்த பெரியவர் ஓய்வு பெறுகிறார். அவருடைய கை வைத்த நாற்காலி அவனுக்கா, பக்கத்து கவுண்டர்காரிக்கா என்று முதலாளி வெள்ளிக்கிழமை சொல்வதாக இருந்தார். லீவு போட்டால் நாற்காலி கைநழுவிவிடும் என்று அவனுக்குப் பயம். இன்னொன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுவோம். பிணமாகக் கிடக்கும் மாமாவைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. அவன் கண் முதல் வரியிலிருந்து வழுக்கிக்கொண்டே போய்ப் பதினோராவது வரியில் நின்றது. இரண்டு இடத்தில் இறங்கி ஏறி, ஒன்பது மணி நேரம் ஓரிடத்திலும் ஆறு மணி நேரம் ஓரிடத்திலும் காத்துக் கிடந்து போகும் வழி. அதில் நாய்கூட போகாது.

"இருபத்தேழு மணி நேரம் ஆகும்" என்று அவன் வாசித்தான்.

போன் கை மாறியது. அக்கா வந்தாள். "அவ்வளவு நேரமாப்பா? ஆமா, நீ முதல்ல போனப்பவும் அவ்வளவு ஆச்சே. வேணாம், அலையாதே. அதுவரைக்கும் இவரை வெச்சிருக்க முடியாது. நீ அங்கயே இருந்து நினைச்சுக்கோ."

அவன் அழுதான். அந்த அழுகை பொய்யில்லை. பொய் சொன்னதும் பொய்யில்லை என்று தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டான். திரையில் இருந்ததைத்தானே படித்தேன், இல்லாததைச் சொல்லவில்லையே என்று. வெள்ளிக்கிழமை கை வைத்த நாற்காலி கிடைத்தது. உட்கார்ந்தால் நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்லவும் வாய் கூசுகிறது.

மூன்று வருடம் ஓடியது. அந்த வீட்டில் விமானம் ஏறினவர்கள் யாரும் கிடையாது. டிக்கெட் ஆபீஸ்காரன் சொன்னதை யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? பொய் பத்திரமாக இருந்தது.

இந்த வருடம் ஒருநாள் அக்கா போன் பண்ணினாள். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தவள், அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தாள்.

"தம்பி, நான் அங்க வரலாம்னு இருக்கேன். உன் வீட்டையும் பார்த்ததில்லை, வேலை பண்ற இடத்தையும் பார்த்ததில்லை. முட்டி இன்னும் கொஞ்சம் மோசமாறதுக்குள்ள வந்துட்டுப் போயிடறேன். தெருமுனையில ஒரு டிக்கெட் கடை இருக்கு, நாளைக்குப் போய்க் கேக்கறேன்."

தெருமுனைக் கடைக்காரன் எடுத்த எடுப்பில் நேர் விமானத்தைத்தான் சொல்வான். "வேணாங்கா" என்று அவசரமாகச் சொன்னான். "நான் இந்த வேலையில இருக்கும்போது நீ எதுக்குக் கடைக்குப் போகணும்? நானே எடுத்து அனுப்பறேன்."

"அதுவும் சரிதான். என் தம்பி இருக்கறப்போ எனக்கென்ன" என்றாள் அக்கா.

மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தான். ஆறு ஐம்பது, இடம் இருந்தது. அறுபத்தொரு வயது, இரண்டு முட்டியும் தேய்ந்தவள், தனியாக முதல் விமானப் பயணம். கை வரவில்லை அவனுக்கு, அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். நேர் விமானத்தில் ஏற்றினால் இறங்கும்போதே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். கடைசியில், பாவி மனுஷன், பதினோராவது வரியைத் தேர்ந்தெடுத்தான். இரண்டு இடத்திலும் சக்கர நாற்காலி வேண்டும் என்று குறிப்புப் போட்டான். அதைப் போட்டதும், அக்காவுக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டதாக ஒரு நிமிடம் அவனுக்கே தோன்றியதுதான் கொடுமை.

டிக்கெட்டைப் பார்த்த மனைவி கேட்டாள். "நேரா வர்ற பிளைட் இருக்கும்போது அண்ணியை எதுக்கு இப்படிச் சுத்த விடறீங்க?"

"எல்லாம் நிரம்பிடுச்சு. இதுதான் கிடைச்சுது."

"பத்து நாள் தள்ளி எடுக்கறது."

"எனக்குத் தெரியாதா? நீ இதையெல்லாம் அக்காகிட்டப் பேசிக்கிட்டு இருக்காதே, மனசு கஷ்டப்படும்."

அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அக்கா கிளம்பிய நாளிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆபீசில் உட்கார்ந்து திரையில் அவள் விமானங்களைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். முதல் ஊரில் இறங்கி ஐந்து மணி நேரம் கழித்து ஒரு புது எண்ணிலிருந்து போன் வந்தது.

"தம்பி, நான்தான். பக்கத்துல ஒரு பொண்ணு, அவ போன்ல பேசறேன். நல்லாத்தான் இருக்கேன், நீ கவலைப்படாதே. சக்கர நாற்காலியில கொண்டுவந்து இங்க விட்டுட்டுப் போனாங்க. அடுத்தது எப்பன்னு கேட்டா கையை விரிச்சு நாலுன்னு காட்டறாங்க. பெஞ்சுலதான் இருக்கேன். கால் கொஞ்சம் வீங்கியிருக்கு, அவ்வளவுதான். நீ சாப்பிட்டியா?"

அவன் சாப்பிட்டேன் என்று சொன்னான். சாப்பிடவில்லை.

மறுநாள் மாலை நாலு மணிக்கு அக்கா வெளியே வந்தாள். தள்ளிக்கொண்டு வந்தவன் சக்கர நாற்காலியை நிறுத்தியதும், மைல்கல் முதலில் பார்த்தது அவள் பாதங்களைத்தான். பொம்மென்று வீங்கி, விரல்கள் உள்ளே போயிருந்தன. செருப்பு நுழையவில்லை போலிருக்கிறது, இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். முகம் சிரித்தது.

"இருபத்தேழு மணி, பத்து நிமிஷம்" என்றாள். "கடிகாரத்தைப் பார்த்துக் கழிக்கக் கூடாதுன்னு சொல்லுவியே, அதனால மணி மணியா விரல் விட்டு எண்ணினேன். உன் கணக்கு சரிதாண்டா."

வீட்டுக்கு வந்ததும் மனைவி பெரிய வாளியில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். அக்கா காலை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் எதிரில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அக்கா கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மாமா போனதுல இருந்து எனக்கு உன் மேல ஒரு கசப்பு. வாய்விட்டுச் சொன்னதில்லை. பெத்த பிள்ளை மாதிரி வெச்சிருந்தாரே, அலறி அடிச்சுக்கிட்டு வந்திருக்கக் கூடாதான்னு. எத்தனை நாள் தனியா உட்கார்ந்து உன்னைத் திட்டியிருக்கேன் தெரியுமா? இப்ப வந்து பார்த்தாதானே தெரியுது. என்ன தூரம், என்ன தூரம். இதைத் தாண்டி எப்படிப்பா ஒருத்தன் நேரத்துக்கு வர முடியும்? உன்னைத் தப்பா நினைச்சுட்டேன். மன்னிச்சுக்கோ."

அவனுக்குத் தலை நிமிரவில்லை. வாளியில் தண்ணீர் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பதுபோலக் கையை விட்டான். கதவோரம் நின்றிருந்த மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று பிடித்துத் தள்ளியது. "அதெல்லாம் ஒண்ணும் இல்லைக்கா" என்று மென்று முழுங்கினான். பிறகு வெந்நீர் எடுத்துவரப் போவதுபோல அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றான்.

அடுத்த பத்து நாளும் இதே கதைதான். மாடி வீட்டு அம்மா வந்தாலும் சரி, துணி தேய்ப்பவர் வந்தாலும் சரி, அக்கா தூரத்தின் பெருமையை எடுத்துவிட்டுவிடுவாள். பாவம் என் தம்பி, இத்தனை தொலைவில் வந்து கிடக்கிறான், அவனைக் குறை சொல்லவே கூடாது என்று முடிப்பாள். ஒவ்வொரு தடவையும் அவன் கூனிக் குறுகி உள்ளறைக்குப் போவான். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை, ஆபீசில் கை வைத்த நாற்காலி முள்ளாகக் குத்தியது. பதினோராம் நாள் அக்கா கேட்டாள். "உன் ஆபீசைக் காட்டவே இல்லையே?"

தட்டிக்கழிக்கப் பார்த்தான், முடியவில்லை. மறுநாள் காலை அக்கா நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, வீக்கம் வடிந்த காலில் செருப்பு மாட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். ஆபீசில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பக்கத்து கவுண்டர்காரி நாற்காலி இழுத்துப் போட்டாள். நல்ல மனசுக்காரி, தன் கையிலிருந்து போன நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசினவள் இல்லை.

"உங்க தம்பியோட வித்தையைப் பார்த்திருக்கீங்களா அம்மா? எந்த ஊர் வேணா கேளுங்க. தூரமும் நேரமும் கரெக்டா சொல்லுவார். தப்பா சொன்னா அவர் பேரையே மாத்திடலாம்."

அக்காவுக்கு முகமெல்லாம் பல். "எனக்கு எத்தனை ஊர் தெரியும்? எங்க ஊரையே சொல்லட்டுமே" என்று அவன் பக்கம் திரும்பினாள். "சொல்லுப்பா, நம்ம ஊருக்கு எவ்வளவு?"

ஆபீசில் இருந்த அத்தனை பேருக்கும் விடை தெரியும். அக்காவின் தலைக்கு மேலே சுவரில் பதினேழாவது வரியில் இருந்தது. இருபத்தேழு என்றால் இங்கே சிரிப்பார்கள், உண்மையைச் சொன்னால் அங்கே உயிர் போகும். முகத்தில் ஈயாடாமல் நின்றான்.

"ஐயாயிரத்து இருநூறு கிலோமீட்டர்" என்றான். அப்புறம், "ஆறு மணி ஐம்பது நிமிஷம்."

"கரெக்ட்" என்றாள் பக்கத்து கவுண்டர்காரி.

அக்கா சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். "அது முதல் பிளைட்டுக்கு மட்டும்தானே? மிச்ச ரெண்டையும் சேர்த்துச் சொல்லு."

கதவைத் திறந்து வைத்து, ஓடிவிடு என்று அவளே சொன்னது போல இருந்தது அவனுக்கு. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், தப்பித்துவிடலாம். இந்த மூன்று வருடமும் அப்படித்தானே தப்பித்தான்.

"இல்லக்கா. மொத்தமே அவ்வளவுதான். நேரா ஒரே பிளைட்."

"எப்ப இருந்து?"

"பதினோரு வருஷமா."

அக்கா யோசித்தாள். அவள் விரல்கள் மடியில் ஒன்றொன்றாக மடங்குவதை அவன் பார்த்தான். "மாமா போன அன்னிக்கு?"

"பன்னிரண்டு மணிக்கு இருந்துச்சு. ஒன்பது சீட் காலி."

"நான் வர்றப்போ?"

அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

பக்கத்து கவுண்டர்காரி தன் காகிதங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். அக்கா குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கவுண்டர்காரியிடம், "நல்லா மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கான், இல்ல?" என்றாள். "எனக்கு ஒரு வண்டி சொல்லும்மா. வீட்டுக்குப் போறேன்."

வீட்டில் அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டாள், மனைவியோடு பேசினாள். அவன் வந்து நின்றால் மட்டும் பேச்சு நின்றது. ஏன் அப்படிச் செய்தேன் என்று நாற்காலி, பயம் எல்லாவற்றையும் அவன் ஒருநாள் கொட்டினான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது சப்பைக்கட்டாகத்தான் கேட்டது. அக்கா காது கொடுத்துக் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். திரும்பிப் போகும் டிக்கெட்டை நேர் விமானத்துக்கு மாற்றி மேஜை மேல் வைத்தான். அவள் அதை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

கிளம்பும் நாள் காலை அவன்தான் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனான். வழிநெடுக அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். உள்ளே போகும் கதவருகில் சக்கர நாற்காலி வந்தது. அதில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டு, முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நீ முதல்ல கிளம்பினப்போ பிளைட் லேட்டு. உங்க மாமா ஏழு மணி நேரம் வெளிய நின்னார், ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா."

"அவர் நின்ன நேரத்துல நீ வந்தே சேர்ந்திருக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னாள். வழக்கமாக யார் எங்கே கிளம்பினாலும் போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணு என்று அவள் சொல்வாள், தானும் பண்ணுவாள். இன்றைக்கு அந்தப் பேச்சே இல்லை. தள்ளுகிறவன் தள்ளிக்கொண்டு போனான், அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு விமானம் கிளம்பிவிட்டது. மைல்கல் வண்டியை எடுக்கப் போகவில்லை. வெளியே ஒரு கம்பித் தடுப்பு இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். நின்றால் சரியாகிவிடுமா? ஆகாது, அது அவனுக்கும் தெரியும். வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை, அவ்வளவுதான். காவலாளி இரண்டு தடவை வந்து, யாருக்காக நிற்கிறீர்கள் என்று கேட்டார். அக்காவுக்காக என்றான். எத்தனை மணி பிளைட் என்றார். போயிடுச்சு என்றான். அவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு நகர்ந்தார். நாலு மணிக்குப் பாதம் எரிந்தது. ஐந்தரைக்குக் குதிகாலிலிருந்து இடுப்பு வரை இழுத்தது. மனைவி போன் பண்ணினாள், அக்கா கூப்பிடலாம், லைனை வை என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஆறு ஐம்பது ஆயிற்று. போன் அடிக்கவில்லை. ஏழு ஆயிற்று. ஏழேகால். இனி வராது என்று அவன் முடிவு கட்டினபோது அடித்தது.

"வந்துட்டேன்" என்றாள் அக்கா. பின்னால் பெட்டிகள் உருளும் சத்தம் கேட்டது. "சொன்ன மாதிரி ஆறு ஐம்பதுதான். காலும் வீங்கல."

"சரிக்கா."

"இரைச்சலா இருக்கே. நீ எங்க இருக்கே?"

"இங்கதான். ஏர்போர்ட் வாசல்ல."

அந்தப் பக்கம் அவள் விரல் விட்டு எண்ணுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

"கால் வலிக்குதா?"

"வலிக்குதுக்கா."

"வலிக்கட்டும்" என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை.